அவங்க வர்றாங்க

முதல் தடவை நான் அந்தக் கடைக்குப் போனபோது பாய் ஒரு படுதாவை மடியில் போட்டுக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "என்ன வேணும்னு சீக்கிரம் சொல்லும்மா, அவங்க வர்றாங்க" என்றார். யாரோ பெரிய மனுஷர் வரப்போகிறார் போலிருக்கிறது, சேற்றுக்காலோடு நாம் குறுக்கே நிற்கக் கூடாது என்று நான் பக்கவாட்டில் ஒதுங்கிக்கொண்டேன். ஒருத்தரும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மழைதான் வந்தது. பாய் ஊசியைச் சட்டைக் காலரில் குத்திவிட்டு எழுந்து வந்து வாசலில் நின்றார். "வாங்க, வாங்க" என்றார். என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நான் உள்ளே போய் நின்றேன்.

"உன்னையும்தாம்மா" என்று சிரித்தார்.

எங்க ஊரில் மழைக்கு 'ங்க' போட்டுப் பேசிய ஆள் அவர் ஒருத்தர்தான். வருது, பெய்யுது, விட்டுருச்சு என்றெல்லாம் அவர் வாயில் வரவே வராது. வர்றாங்க, இருக்காங்க, கிளம்பிட்டாங்க. தூறல் போட்டால், "எட்டிப் பாத்துட்டுப் போறாங்க." இடி இடித்தால், "தொண்டையைக் கனைக்கிறாங்க." ஐப்பசியில் பொழுது தெரியாமல் கொட்டினால், "இந்தத் தடவை தங்கிட்டுத்தான் போவாங்க போல." மழை நின்றதும் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து, வீட்டுக்கு வந்த உறவுக்காரரை பஸ் ஏற்றிவிடுகிற மாதிரி, "போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார்.

கடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பூதலூர் பக்கம் எங்க கடைத்தெருவில், டீக்கடைக்கு அடுத்து ஒரு ஓட்டுக் கட்டடம். உள்ளே உத்தரம் வரைக்கும் மடித்து அடுக்கிய தார்ப்பாய்கள். தார்ப்பாயை எங்க பக்கம் படுதா என்போம். அறுப்பு முடிந்து நெல்லைக் களத்தில் கொட்டிவிட்டால் படுதா இல்லாமல் ஒருத்தரும் தூங்க முடியாது. சொந்தமாக வாங்கி வைத்திருக்கிறவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்களுக்கு வாடகைக்குக் கொடுப்பவர் இவர். அதனால் படுதா பாய். வாய்த்துடுக்கு உள்ளவர்கள் தார்ப்பாய் பாய் என்பார்கள். அதற்கும் திரும்பிப் பார்ப்பார். சொந்தப் பேர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் ஒருநாளும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இங்கேயும் வேண்டாம். இப்போது அவர் பட்டுக்கோட்டையில் மகள் வீட்டோடு போய்விட்டார். கடை இருந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் பண்ணுகிறார்கள்.

நான் பயந்தவள். இது ஊருக்கே தெரியும். வானம் வெளுத்திருந்தால் என்ன இப்படி வெளுத்துக் கிடக்கிறதே என்று ஒரு பயம். கருத்தால் இன்னொரு பயம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவோடு நடவுக்குப் போனேன். அப்போது வயல் அடுத்தவங்க வயல், பயமும் அடுத்தவங்க பயம். கல்யாணத்துக்கு அப்புறம் குத்தகைக்கு நிலம் எடுத்தோமோ இல்லையோ, பயம் முழுக்க என் பேருக்கு வந்துவிட்டது. வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். அறுப்புக்கு லீவு கிடைத்தால் வருவார், கிடைக்காவிட்டால் போனில் வருவார். மீதி எல்லாம் நானும் வானமும்தான்.

அதனால் கடைத்தெருவுக்குப் போகிற போதெல்லாம் பாயிடம் ஒரு வார்த்தை கேட்காமல் திரும்ப மாட்டேன். "இன்னைக்கு மழை வருமா பாய்?"

"எங்கிட்ட சொல்லிட்டா வர்றாங்க?"

இத்தனை மரியாதையாகப் பேசுகிற ஆளுக்கு மழையைப் பற்றி ஏதாவது தெரியும் என்று நினைத்தால் அதுதான் இல்லை. எறும்பு, தட்டான், மேற்கே மின்னல் என்று மற்றவர்கள் சொல்கிற குறி ஒன்றுகூட அவருக்குப் பிடிபடாது. முதல் நாள் பலித்தது தற்செயல். அவர் "வர்றாங்க" என்று சொல்லி நான் காயப்போட்ட மிளகாயை அள்ளி உள்ளே வைத்த நாளெல்லாம் வெயில் மண்டையைப் பிளந்திருக்கிறது. போய்ச் சண்டை போட்டால், "வரலாம்னுதான் கிளம்பியிருப்பாங்க. வழியில வேற யாராச்சும் கூப்பிட்டிருப்பாங்க. ஒரு வீட்டுக்கா போகணும் அவங்க?" என்பார். சண்டை அதோடு முடிந்துவிடும்.

டீக்கடை டிவியில் வானிலை சொல்லும்போது ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்பார். கேட்டுவிட்டுக் கோபப்படுவார். "காத்தழுத்தத் தாழ்வாம். கேட்டியா? அவங்களுக்கு ஏதும்மா தாழ்வு? நம்மதான் தாழ்வு. மண்டலம்னு மட்டும் சொன்னா இவங்களுக்கு வாய் வலிக்குதா?"

கடைக்குள் மழையைத் திட்டக் கூடாது. அது ஒன்றுதான் அங்கே சட்டம். வேறு எதை வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம், அவரையே திட்டலாம். ஒரு தையில், நெல்லைக் களத்தில் கொட்டிவிட்டு ஒரு டிராக்டர்காரர் தலைதெறிக்க ஓடி வந்தார். "எழவெடுத்த மழை பாய், ரெண்டு படுதா எடுங்க, சீக்கிரம்!"

பாய் தைத்துக்கொண்டே இருந்தார்.

"பாய், காது கேக்குதா?"

"கேக்குது. எழவுன்னியே, யார் வீட்டுல?"

"அட, மழையைச் சொன்னேன் பாய்."

"செருப்பை வெளிய விட்டுட்டுத்தானே உள்ள வந்தே? அதையும் வெளிய விட்டுட்டு வா."

அந்த ஆள் என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். அவருக்கு நெல்லு நனைகிறது. விறுவிறு என்று வெளியே போய் மழையில் நின்றுவிட்டுத் திரும்ப உள்ளே வந்தார். "மழை பெய்யுது பாய், ரெண்டு படுதா வேணும்."

"யாரு?"

"மழை... பெய்யுறாங்க பாய்!"

அதற்குள் பாய் படுதாவைத் தோளில் தூக்கி டிராக்டரில் போட்டுவிட்டிருந்தார். உண்மையில் அந்த ஆள் வெளியே போய் நின்றபோதே எடுத்துவிட்டார். டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அன்று முழுக்க அந்த டிராக்டர்காரருக்கு 'பெய்யுறாங்க' என்றே பேராகிப் போனது.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன். "இவ்வளவு மரியாதை குடுக்கிறீங்க. ஆனா உங்க பொழப்பு அவங்களைத் தடுக்கிறதுதானே பாய்?"

"தடுக்கிறதுன்னு யாரு சொன்னா?" என்று ஊசியை வைத்துவிட்டார். "எங்க வீட்டு வாசல்ல தொங்குதே, அது பேரு என்ன? அதுவும் படுதாதான். பெரியவங்க வந்தா பொம்பளைங்க அந்தப் பக்கம் ஒதுங்கி நிக்கிறதுக்கு. வந்தவங்களைத் துரத்துறதுக்கா கட்டியிருக்கு? களத்துல கெடக்குற நெல்லுக்குக் கூச்சம். அதுக்கு ஒரு திரை. அவ்வளவுதான்."

அவர் வீட்டு அக்காவுக்கு இதில் தனிக் கஷ்டம். அவர்கள் வீட்டில் மனைவி புருஷனை 'அவங்க' என்றுதான் சொல்லுவார். பாய் மழையை 'அவங்க' என்பார். அக்கா வாசலில் நின்று, "அவங்க இன்னும் வரல, சோறு ஆறுது" என்றால் தெருவில் போகிறவர்கள், "வயல்ல கேட்டுப் பாருங்கக்கா, கடல்ல கேட்டுப் பாருங்கக்கா" என்று கிண்டல் பண்ணுவார்கள்.

மகளைப் பெண் பார்க்க பட்டுக்கோட்டையிலிருந்து வருவதாக இருந்த அன்று நான் கூடமாட ஒத்தாசைக்குப் போயிருந்தேன். அக்கா எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் தெருமுனைக்கு வந்ததும் சூடாகச் சமோசா போடலாம் என்று காத்திருந்தார். பாய் தெருமுனையில் நின்றார். மூன்று மணி வாக்கில் அங்கிருந்து ஒரு சத்தம். "அவங்க வந்துட்டாங்க!"

அவ்வளவுதான். அக்கா சட்டியை ஏற்ற, நான் சர்பத்தைத் தம்ளர்களில் ஊற்ற, பெண்ணுக்கு முக்காடு போட ஒருத்தி ஓட, வீடே ரெண்டுபட்டது. சமோசா ஒரு ஈடு வெந்து இறங்கியது. வாசலில் காலடிச் சத்தம் கேட்கவில்லை. ஓட்டின் மேல்தான் சத்தம் கேட்டது.

அக்கா சல்லடைக் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தார். பாய் நனைந்துகொண்டே நின்று வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "இன்னைக்குக்கூட ஒழுங்கா ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா உங்களுக்கு!" என்று அக்கா கத்தியதும், ஒரு வேன் வந்து நின்று மாப்பிள்ளை வீட்டார் நனைந்துகொண்டே இறங்கியதும் ஒரே நேரம். பாய் ரெண்டு கையையும் விரித்து, "வாங்க, வாங்க, எல்லாரும் வாங்க" என்றார். எந்த 'எல்லாரும்' என்று எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும். சம்பந்தம் அன்றைக்கே முடிவானது. முதல் ஈடு சமோசா ஆறிப்போய்விட்டதே என்று நான் கவலைப்பட்டேன். ஒருத்தரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அவரைப் பிடிக்காதவர்களும் இருந்தார்கள். அறுப்பு நேரத்தில் மழை வந்தால் ஊரே அழும், அவர் கடை மட்டும் கூட்டமாக இருக்கும். அதைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்யும். ஒருநாள் டீக்கடையில் ஒருத்தர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "நெல்லு முளைச்சுப் போச்சேன்னு நாங்க வயித்துல அடிச்சுக்கிட்டா உங்க கடைதான் களை கட்டுது. அஞ்சு வேளையும் என்னத்தக் கேட்டுத் தொழுவுறீங்கன்னு எங்களுக்குத் தெரியாதா பாய்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கேட்ட யாரும் சிரிக்கவில்லை. பாய் தம்ளரைக் கீழே வைத்தார். "ஆமாம்ப்பா, மழைதான் கேக்குறேன்" என்றார். "மாசம் சொல்லிக் கேக்கத்தான் தெரியல."

கடைக்குத் திரும்பி வந்து வெகுநேரம் தைக்காமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தார். நான் படுதாவைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தேன். என்னிடம்தான் சொன்னார் என்று சொல்ல முடியாது. நூலிடம் சொன்ன மாதிரி இருந்தது.

சின்ன வயதில் சவூதியில் கட்டட வேலைக்குப் போயிருந்தாராம். ரோடு போடுகிற தாரும் வெயிலும் ஒன்றாகக் கொதிக்கிற இடம். ஒரு நாள், யாரும் எதிர்பார்க்காத ஒரு நாள், மழை வந்தது. எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார்கள். திட்டிக்கொண்டே பின்னால் ஓடிவந்த ஃபோர்மேனும் வந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டான். சட்டையைக் கழற்றிப் பிழிந்து பிழிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். பாஷை தெரியாதவர்கள் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டார்கள்.

"நல்லாக் குதிச்சோம்மா. குதிச்சுக்கிட்டே இருந்தோம். அவங்க கிளம்புனத யாரும் கவனிக்கல. போயிட்டு வாங்கன்னு சொல்றதுக்கு அங்க ஒரு வாய் இல்ல. அதுக்கப்புறம் நான் ஊர் திரும்புற வரைக்கும் வரவே இல்ல."

இதை அவர் ஒரு காரணமாகச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. சும்மா ஒரு மழையை இப்படி நினைவு வைத்திருக்க முடியுமா என்று இருந்தது.

அடுத்து வந்த தையில்தான் எனக்கும் அவருக்கும் அந்தத் தகராறு நடந்தது.

அந்த வருஷம் சம்பா நன்றாக விளைந்திருந்தது. மிஷின் வைத்து அறுத்து, கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் இருக்கிற திறந்தவெளியில் என் நெல்லை அம்பாரமாகக் கொட்டியிருந்தேன். எனக்கு முன்னால் வரிசையாக நிறைய அம்பாரம். ஈரம் கூடினால் நெல்லை எடுக்க மாட்டார்கள். நனைந்து முளைவிட்டால் மாட்டுக்குத்தான். அந்த நெல்லில்தான் குத்தகை அளக்க வேண்டும். ரெண்டு வருஷமாகவே நிலத்துக்காரர், "வேற ஆள் கேக்குறாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அளக்காவிட்டால் நிலம் கைமாறிவிடும். நான் திரும்பவும் அடுத்தவங்க வயலுக்கு நடவுக்குப் போக வேண்டியதுதான்.

காலையில் நல்ல வெயில். நெல்லைக் காலால் கிண்டிக் கிண்டிக் காயவிட்டேன். மத்தியானம் கிழக்கே ஒரு கருப்பு. நான் ஓடினேன். கடையில் படுதா ஒன்றுகூட இல்லை. ஊரில் அத்தனை பேரும் எனக்கு முன்னாலேயே ஓடிவந்திருக்கிறார்கள். பயந்தவள் நான், பிந்தி வந்தவளும் நானே. கடை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பாய் என்னைப் பார்த்தார். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, கடை முன்னால் வெயிலுக்கும் சாரலுக்கும் கட்டியிருந்த படுதாவின் கயிற்றை அவிழ்த்தார். பல வருஷமாக அங்கேயே இருந்து வெளுத்துப்போன படுதா. அதைச் சுருட்டித் தன் டிவிஎஸ் வண்டியில் கட்டி, என்னையும் ஏற்றிக்கொண்டு வந்து சேருவதற்குள் பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்துவிட்டது.

படுதா பத்தவில்லை. மேலே மூடினால் ஓரம் தெரிகிறது, ஓரத்தை இழுத்தால் உச்சி தெரிகிறது. காற்று வேறு உள்ளே புகுந்து தூக்குகிறது. ஒரு மூலையில் நான் செங்கல்லை வைத்து அதன் மேல் உட்கார்ந்தேன். எதிர் மூலையில் பாய் முட்டிபோட்டு அமுக்கிக்கொண்டார். அவர் தாடியிலிருந்து தண்ணி ஓடிற்று.

"பாய், போகச் சொல்லுங்க!"

அவர் அண்ணாந்து பார்த்து, "போயிட்டு வாங்க!" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "வாங்கன்னு சொல்லாதீங்க பாய்! திரும்பி வந்துரும்! போங்கன்னு மட்டும் சொல்லுங்க!"

"அப்படிச் சொல்லக் கூடாதும்மா."

"இன்னைக்கு ஒரு நாளைக்கு!"

"இன்னைக்குப் போங்கன்னு சொல்லிட்டு, ஆடியில எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கூப்பிடுறது?"

"ஆடி வரைக்கும் நிலம் என் கையில இருந்தாத்தானே பாய்! நெல்லு முளைச்சா நிலம் போயிரும். உங்களுக்கு மரியாதைதான் பெருசு. எனக்கு மட்டும்தான் நெல்லு!"

நாங்கள் ரெண்டு பேரும் ஒரு அம்பாரத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து மழையில் கத்திக்கொண்டிருந்தோம். பக்கத்து அம்பாரத்துக்காரர்கள் எல்லாம் எங்களையே பார்த்தார்கள். பாய் முட்டியை இன்னும் அழுத்தி ஊன்றினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, வானத்தைப் பார்க்காமல், படுதாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"போங்க."

காதில் விழுந்தும் விழாத மாதிரி. ஆனால் விழுந்தது.

மழை உடனே நின்றுவிடவில்லை. அது தன் இஷ்டத்துக்குப் பெய்து, வெளிச்சம் மங்குகிற நேரத்தில் ஓய்ந்தது. மறுநாள் மூடியதைத் திறந்து பார்த்தபோது ஓரத்தில் கொஞ்சம் நெல்தான் நனைந்திருந்தது. தனியே பிரித்துக் காயவைத்தேன். மீதி தப்பித்தது. நெல் விலை போய், குத்தகை அளந்து, நிலமும் என் கையில் நின்றது. மழை ஓய்ந்தபோது பாய் எதுவும் சொல்லாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனதுதான் எனக்கு என்னமோ போலிருந்தது. அந்தப் படுதாவை அலசிக் காயவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி மூலையில் வைத்தார். கடை முன்னால் திரும்பக் கட்டவில்லை.

அந்த வருஷம் ஆனியில் மேட்டூர் திறக்கவில்லை. அணையில் தண்ணி இல்லை. ஆடிப் பெருக்கு அன்று பெண்கள் ஆற்றுக்குப் போய் மணலில் குடத்துத் தண்ணியை ஊற்றிக் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். ஆவணியும் அப்படியே போயிற்று. புரட்டாசியில் கொஞ்சம் தண்ணி வந்தது, வாய்க்காலின் அடிமண் நனைவதற்குள் நின்றுவிட்டது. அதை நம்பி நேரடியாக விதை தெளித்தேன். முளைத்த பயிர் இலை சுருண்டு மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

மலைப்பக்கம் பெய்யவில்லை, அதனால் அணையில் இல்லை என்று டிவியில் படம் போட்டுக் காட்டினார்கள். அதெல்லாம் எனக்கும் புரியும். ஆனால் பயப்படுகிறவளுக்கு ஒரு காரணம் போதாது. ராத்திரி பகல் எந்நேரமும் அந்த 'போங்க' காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது.

ஒருநாள் கடைக்குப் போய், "அன்னைக்குச் சொன்னதாலதான் இப்படியா பாய்?" என்றேன்.

"உனக்கு வேற வேலை இல்லியா? நான் சொன்னாப் போறவங்களா இருந்தா, நான் சொல்றப்பல்லாம் வந்திருக்கணுமே" என்று சிரித்தார். சிரித்தாரே தவிர, அவர் செய்துகொண்டிருந்தது வேறு. வானத்தில் உள்ளங்கை அளவு மேகம் தெரிந்தாலும் தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு வாசலுக்கு வருவார். கோபித்துக்கொண்டு போன சம்பந்தியைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு பணிவு. "வாங்க. வரணும். பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க" என்பார். கடை முன்னால் நிழல் இல்லாததால் காலை வெயில் நேராக அவர் முகத்தில் அடிக்கும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு தைப்பார்.

"படுதாவைக் கட்டிக்கிட்டா என்ன பாய்? கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

"வாசலை மூடி வெச்சுட்டு வாங்கன்னு கூப்பிட்டா, கூப்பிடுறதுல அர்த்தம் இருக்கா?"

"நானும் வந்து கூப்பிடட்டுமா?"

"வேணாம். நீ பயந்துக்கிட்டே கூப்பிடுவே. இவ வீட்டுல என்னமோ நடந்துருக்குன்னு அவங்க அப்படியே திரும்பிருவாங்க."

ஐப்பசி பிறந்து, தீபாவளியும் வெறும் புழுக்கத்தில் போனது. அதற்கப்புறம் ஒரு சாயங்காலம் நான் கடையில் நின்றுகொண்டிருந்தேன். என்னத்துக்குப் போனேன் என்று நினைவில்லை. திடீரென்று புழுதி வாசனை. அப்புறம் தெருக் கோடியிலிருந்து சடசடவென்று ஓட்டுக்கு ஓடு தாவி வருகிற சத்தம். டீக்கடைக்காரர் பாதி டீயோடு வெளியே வந்துவிட்டார். வாசலில் திரை இல்லாததால் சாரல் நேராகக் கடைக்குள் அடித்தது. படுதா நனைகிறது, நூல் நனைகிறது. பாய் எதையும் எடுத்து வைக்கவில்லை. எழுந்து நின்றார். வாய் திறந்து 'வாங்க' என்று சொல்ல வரவில்லை அவருக்கு.

என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். நீ சொல்லு.

எனக்கோ, மழை வராமல் இருந்த பயம் போய் அந்த இடத்தில் வேறு பயம் வந்து உட்கார்ந்திருந்தது. இப்போது நன்றாக வந்துவிட்டு அறுப்பு நேரத்திலும் வந்து நின்றால்? "வாங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வாங்க... ஆனா தையில மட்டும் வராதீங்க."

பாய்க்கு வாயில் வராமல் நின்றது எல்லாம் சிரிப்பாக உடைந்துவிட்டது. தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "விருந்தாளி இன்னும் செருப்பையே கழட்டல, அதுக்குள்ள எப்பக் கிளம்புவீங்கன்னு கேக்குறியே! உன்னைக் கூப்பிடச் சொன்னேன் பாரு!"

டீக்கடைக்காரருக்கும் சொல்லி, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சொல்லி, அன்று மழை ஓய்கிற வரைக்கும் சிரித்தார்.

பயிர் எழுந்துகொண்டது. பிந்தி விதைத்ததால் பிந்தித்தான் முற்றியது. தை முழுக்க ஒரு துளி இல்லை. பம்புசெட் வைத்து எனக்கு முன்னாலேயே விதைத்தவர்கள் எல்லாம் வெயிலில் சுகமாக அறுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். என் நெல் மாசியில்தான் அம்பாரமானது. அதே திறந்தவெளி. ஒரு மத்தியானம் கிழக்கே அதே கருப்பு.

இந்தத் தடவை நான் ஓட வேண்டியிருக்கவில்லை. டிவிஎஸ் வண்டிச் சத்தம் கேட்டது. பின்னால் அந்த வெளுத்த படுதாவும், கூட இன்னொன்றும். பாய் தூரத்திலிருந்தே சிரித்துக்கொண்டு வந்தார்.

"தையில வராதீங்கன்னுதானே சொன்னே? வரல. சொன்ன வார்த்தையக் காப்பாத்திட்டாங்க. மாசியப் பத்தி நீ ஒண்ணுமே சொல்லலையேம்மா!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ரெண்டு பேரும் சுற்றிச் சுற்றி வந்து இறுக்கி மூடினோம். இந்த முறை ஓரம் தெரியவில்லை. மழை வந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, படுதாவின் மேல் கொஞ்ச நேரம் தாளம் போட்டுவிட்டு, வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மெலிந்து நின்றுவிட்டது. நெல் ஒரு மணிகூட நனையவில்லை.

பாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேகத்தையே பார்த்தார்.

"சொல்லுங்க பாய். கிளம்பிட்டாங்க."

"போன தடவை சொன்னது இன்னும் என் நாக்குலயே இருக்கு. நீ சொல்லு."

"நானா?"

"நீதான். உன் நெல்லத்தானே பாத்துட்டுப் போறாங்க."

பக்கத்து அம்பாரத்தில் படுதா மடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, ஈரத் தலையோடு மேற்கே நகர்கிற மேகத்தைப் பார்த்தேன். 'போயிட்டு' என்று ஆரம்பித்தேன். அடுத்த வார்த்தைக்கு முன்னால் பங்குனி, சித்திரை உளுந்து, குறுவை அறுப்பு, அடுத்த தை என்று அத்தனையும் மனசுக்குள் வரிசையாக வந்து நின்றது.

"போயிட்டு... ஐப்பசியில வாங்க."

பாய் சிரித்த சிரிப்பில் தன் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாகிவிட்டது. "மாசம் சொல்லாம உன்னால ஒரு வார்த்தை பேச முடியாதா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தொப்பியைச் சரிபண்ணினார். மேகம் போன திசையில் ரெண்டு எட்டு நடந்து போய், ஒரு வீட்டுச் சண்டையைச் சமாதானம் பண்ணுகிற குரலில் எனக்காகப் பரிந்து பேசினார்.

"பயந்த புள்ளைங்க. அது சொன்னத மனசுல வெச்சுக்காதீங்க. எப்பத் தோணுதோ அப்ப வாங்க."

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் அந்த 'எப்பத் தோணுதோ' இருக்கிறதே, ஒவ்வொரு அறுப்பிலும் நான் கிழக்கே பார்த்துக்கொண்டு நிற்பது அந்த ஒரு வார்த்தையால்தான்.